சிப்ஸ் பாக்கெட்டில் இருக்கிறது மூணே ஒட்டு... வாங்கும்போது கவனிச்சிருக்கீங்களா?

‘பத்து ரூபாய்க்குப் பாதி காத்துதான் இருக்கு!’ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் நாம சொல்ற டயலாக் இது. ஆனால், அந்தக் ‘காத்து’ வெளியே போயிருந்தால்தான் நீங்கள் கவலைப்படணும். ஏன்னு பார்க்கலாம்.

பையும் பண்டமும் ஒரே நேரத்தில்!

முன்கூட்டியே செய்துவைத்த பைக்குள் சிப்ஸைக் கொட்டி மூடுறாங்கன்னு நினைக்கிறீங்களா? இல்லை. ‘ஃபார்ம் ஃபில் சீல்’ என்கிற இயந்திரத்தில் பை உருவாவதும், நிரம்புவதும், மூடுவதும் ஒரே ஓட்டத்தில் நடக்கும்.

பெரிய ரோலில் இருந்து வரும் ஃபிலிம், ஒரு குழாயைச் சுற்றி வளைந்து கீழே இறங்கும். அதன் இரண்டு ஓரங்களும் சூட்டில் ஒட்டும். பாக்கெட்டின் முதுகில் நெடுக்காகத் தெரியும் கோடு அதுதான். அடி ஒட்டியதும் குழாய் வழியாக சிப்ஸ் விழும். பிறகு, சூடான இரண்டு தாடைகள் குறுக்கே அழுத்தும். அந்த ஒரே அழுத்தலில் இந்தப் பையின் வாயும், அதற்கு மேலே வரும் அடுத்த பையின் அடியும் ஒட்டிக்கும். நடுவில் கத்தி வெட்டும். அவ்ளோதான்!

எடை எப்படி சரியா வருது?

ஒவ்வொரு சிப்ஸும் ஒரு சைஸ். அப்புறம் எப்படி எடை? ஜப்பானின் இஷிடா நிறுவனம் 1972-ல் கண்டுபிடித்த இயந்திரம்தான் இதற்கு விடை. முதலில் அதை உருவாக்கியது குடைமிளகாயை எடைபோட! பல சின்னத் தொட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பண்டம் விழும். எந்தெந்தத் தொட்டிகளைச் சேர்த்தால் சரியான எடை வரும் என்று கணக்குப் போட்டு, அவற்றை மட்டும் இயந்திரம் திறக்கும். 10 தொட்டிகளை 1,023 விதமாகச் சேர்க்கலாம்.

உள்ளே இருப்பது நைட்ரஜன்

ஆக்சிஜன் பட்டால் எண்ணெய்ப் பண்டத்தில் சிக்கு வாடை வந்துடும். அதனால்தான் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றுறாங்க. சிப்ஸ் நொறுங்காமல் இருக்கவும் அந்த உப்பல் உதவும்.

இந்த ஏற்பாடு முழுக்க நிற்பது முதுகு, மேல், கீழ் என்ற மூன்று ஒட்டுகளில்தான். ஒட்டும் இடத்தில் ஒரு துணுக்கு சிப்ஸோ, மசாலாத் தூளோ சிக்கினாலே போதும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்துடும். சூடு குறைந்தாலும் ஒட்டு சரியா பிடிக்காது.

கடையில் இதைப் பாருங்க

* லேசாக அழுத்துங்கள். உப்பல் அப்படியே நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வேண்டாம்.

* மேல், கீழ் ஒட்டில் சுருக்கம், எண்ணெய்க் கசிவு, நடுவே சிக்கிய துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

* பாக்கெட்டின் சைஸை நம்பாதீங்க. அச்சிட்டிருக்கும் நிகர எடையைப் பார்த்து விலையை ஒப்பிடுங்கள்.

* தேதியும், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

* பால், சாஸ் மாதிரி ஈரமான பொருட்களுக்குக் கதை தலைகீழ். அந்த பாக்கெட் உப்பியிருந்தால், உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாகியிருக்கலாம். தொடாதீங்க.

பிரித்த பிறகு வாடை அடித்தால் ‘பத்து ரூபாய்தானே’ என்று சாப்பிட்டுவிடாதீர்கள். பாக்கெட்டையும் பில்லையும் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.