அகமுகர்

'இன்ட்ரோவர்ட்' என்பதற்குத் தமிழில் வழங்கும் சொல். இலத்தீனில் 'இன்ட்ரோ' என்றால் உள்ளே. 'வெர்ட்டெரே' என்றால் திருப்புதல். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' நூலால் 'இன்ட்ரோவர்ட்' என்ற சொல் பரவியது. மன ஆற்றல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் அவர் பார்த்தார், கூச்சத்தை அல்ல.

தமிழாக்கம் அருமையாக அமைந்திருக்கிறது. 'கிழக்குமுகமாக உட்கார்' என்கிறோமே, அங்கே முகம் என்பது திசை. அகத்தைத் திசையாகக் கொண்டவர் அகமுகர். ஆகவே 'கூச்சப்படுபவர்', 'யாரோடும் ஒட்டாதவர்' என்று பொருள் சொல்வது பிழை. அக்கா மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்து, எல்லோரோடும் சிரித்துப் பேசியவரே சாயங்காலம் மாடியறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். உடனே 'யார் என்ன சொன்னார்கள்?' என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தக் கேள்வி அவரை இன்னும் வதைக்கும்.

அவருக்கு வந்திருப்பது அலுப்பு, சலிப்பு அன்று. பயண அலுப்பு என்கிறோம். அதனால் போய்வந்த ஊரின்மேல் வெறுப்பு வருவதில்லை. சலிப்போ எதன்மேலாவது, யார்மேலாவது வருவது. அலுத்தவர் தூங்கி எழுந்ததும் அதே உறவினரோடு காபி குடிக்க ஆசையாக வந்து உட்காருவார்.