புதுப் போனில் பழைய நினைவு

1990களில் செல்போனை மாற்றியவர்களுக்குப் பழையதை மீட்பதா, புதிதாகத் தொடங்குவதா என்ற குழப்பமே இல்லை. புதுப் போன் காலியாகத்தான் வரும். பழைய போனிலிருந்து கூட வருவது சிம் ஒன்றுதான். 1991இல் ஜெர்மனியின் கீசெக் அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலின்யா செல்போன் நிறுவனத்துக்காகச் செய்துகொடுத்த முதல் சிம்கள் ஏடிஎம் கார்டு அளவில் இருந்தன. பிற்பாடு பரவலான சிம்களில் 250 பெயர்கள் வரை ஏற்றலாம். பெயருக்கு ஒரே எண். அந்தப் பெயரும் பெரும்பாலும் ஏறக்குறைய பதினைந்து எழுத்துக்குள் அடங்கியாக வேண்டும். ‘எலக்ட்ரீஷியன் செல்வம்’ என்று ஆங்கில எழுத்தில் பதிந்தால், எலக்ட்ரீஷியன் முழுதாக இருப்பார், செல்வம் பாதியில் நின்றுவிடுவார்.

1996இல் வந்த பாம் பைலட் போன் அல்ல, கையடக்கக் கணினி. பேட்டரி தீர்ந்து கொஞ்ச நேரம் போனால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதனால் அதைத் தாங்கியில் பொருத்தி ஒரு பொத்தானை அழுத்தினால் மேசைக் கணினியில் நகல் ஏறும்படி செய்திருந்தார்கள். 2007இல் வந்த ஐபோனும் ஐடியூன்ஸ் வழியே கணினியைத்தான் நம்பியது.

கணினியே வேண்டாம் என்று முதலிலேயே துணிந்தது அமெரிக்காவில் டி-மொபைல் விற்ற சைட்கிக். திரையைச் சுழற்றினால் அடியில் விசைப்பலகை. பெயர்கள், படங்கள், நாட்குறிப்பு எல்லாம் அதை வடிவமைத்த டேஞ்சர் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். 2008இல் அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2009 அக்டோபரில் சர்வர் படுத்தது. பேட்டரியைக் கழற்றாதீர்கள், சார்ஜ் தீர விடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு போனது. போனில் மிச்சமிருந்ததுதான் கடைசிப் பிரதி, அதுவும் மின்சாரம் உள்ளவரைதான். டேட்டா ‘ஏறக்குறைய நிச்சயமாக’ போய்விட்டது என்று சொன்னவர்கள், சில நாளில் பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள். சைட்கிக்கின் பெயர் மட்டும் மீளவில்லை. டேஞ்சரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டி ரூபின் அதற்குள் அங்கிருந்து விலகி, ஆண்ட்ராய்டை உருவாக்கியிருந்தார் என்பது உபகதை.

இத்தனைக்குப் பிறகும் மக்கள் சர்வரை விட்டு ஓடவில்லை. 2011இல் ஐகிளவுட் 5 ஜிபி இலவச இடத்தோடு வந்தது. 2015இல் ஆண்ட்ராய்டு 6.0, ஒவ்வொரு ஆப்புக்கும் 25 எம்பி வரை தானாகவே நகலெடுத்தது. 2019இல் இரண்டு ஐபோன்களை அருகருகே வைத்தாலே டேட்டா நேரடியாக மாறத் தொடங்கியது.

சுலபமானதும் இன்னொரு தொல்லை முளைத்தது. போன் மாறினாலும் குப்பை மாறவில்லை. ஆண்டுக்கணக்கில் திறக்காத ஆப்கள், பழைய செட்டிங்குகள், சில சமயம் பழைய கோளாறும் நகலோடு கூடவே வந்து இறங்கின. ‘புதிதாகவே செட் பண்ணுங்கள்’ என்று போன் பழுதுபார்ப்பவர்கள் சொல்வது இதனால்தான். சொல்வது எளிது, வாட்ஸ்அப் உரையாடலை விட யாருக்கு மனம் வரும்? ஆண்ட்ராய்டில் அந்த உரையாடல்களின் நகல்களை கூகுள் டிரைவ் இடக்கணக்கில் சேர்க்காத தனிச்சலுகை 2018 முதல் இருந்தது. 2024இல் அது நின்று, தினசரி ‘காலை வணக்கம்’ படங்களும் கூகுளின் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்ந்தன. இடம் நிறைந்தவர்கள் இப்போது மாதக் கட்டணம் கட்டுகிறார்கள், அல்லது அழிக்க உட்காருகிறார்கள்.