லண்டன் ஃபயர் ஸ்டேஷனும் இன்சூரன்ஸ் கம்பெனியும்

ஃபயர் ஸ்டேஷன்னா அரசாங்கம் நடத்துறதுன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். லண்டன்ல ஆரம்பத்துல நடத்தினது இன்சூரன்ஸ் கம்பெனிங்க!

1666 பெருந்தீக்குப் பிறகு முளைத்த கம்பெனிகள் ஆளுக்கொரு படை வைத்திருந்தன. பணம் கட்டின வீட்டுச் சுவரில் ஒரு தகடு. (தகடு இல்லாத வீட்டை எரியவிட்டு வேடிக்கை பார்த்தாங்கங்கற கதைக்கு ஆதாரம் இல்லையாம்.) 1833ல் பத்து கம்பெனிகள் சேர்ந்து, ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமையில், 80 பேரோடு ஒரே படையாக்கின. ஊரில் பல இடங்களில் ஸ்டேஷன். ஆனா முதல் வேலை சொத்தைக் காக்கிறது. மாடியில மாட்டின மனுஷனுக்கு ஏணி கொண்டு வர்றது தனியா ஒரு தர்ம ஸ்தாபனம்!

1861 ஜூன் 22, டூலி தெருக் கிடங்குகளில் தீ. சுவர் சரிஞ்சு பிரெய்ட்வுட் செத்துப்போனார். நஷ்டத்துல அடிபட்ட கம்பெனிகள் பிரீமியத்தை ஏத்தினதோட, இனி எங்களால ஆகாதுன்னு அரசாங்கத்துக்கிட்ட கையை விரிச்சிட்டாங்க. 1865ல சட்டம். 1866 ஜனவரியில மாநகரத் தீயணைப்புப் படை. அந்த ஏணிகள் அதுகிட்ட வந்து சேர்ந்தது 1867ல.