நம்ம ஊருக்கு யோகா வந்த வழி



கூட்டமைப்பு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். சேமிப்பு, கடன், தணிக்கை பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நம்முடைய யோகா வகுப்பைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

உச்சிப்புளியில் வகுப்பு ஆரம்பித்த முதல் வாரம், பாசி எடுக்கப் போகிற ஒரு அக்காவைக் கூப்பிட்டேன். "பகலெல்லாம் கடல்ல குனிஞ்சு குனிஞ்சுதான பாசி பறிக்கிறேன். சாயங்காலமும் வந்து குனியணுமாக்கும்? அதெல்லாம் காசு உள்ளவங்களுக்குடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யோகா நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி முனிவர் ராமேஸ்வரத்தில்தான் சமாதி ஆனார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தமிழில் திருமூலர் எழுதிய திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் யோகத்தைப் பற்றியதுதான். ஆனாலும் இந்தக் கலை பெரும்பாலும் குரு சொல்ல சீடர் கேட்க, ஆண்கள் கைமாற்றிக்கொண்டு வந்த கலை. அடுப்படியில் நின்ற பெண்களிடம் அது அவ்வளவாக வந்து சேரவில்லை.

சுமார் 90 வருடங்களுக்கு முன்னால் மைசூரில் கிருஷ்ணமாச்சாரியார் என்ற பெரிய ஆசிரியர் மகாராஜாவின் ஆதரவில் யோகா கற்றுக்கொடுத்தார். 1937இல் இந்திரா தேவி என்ற ஐரோப்பியப் பெண் தனக்கும் சொல்லித்தர வேண்டும் என்று வந்து நின்றார். முதலில் அவர் முடியாது என்றுதான் சொன்னார். மகாராஜா எடுத்துச் சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1934இல், பம்பாயில் சீதாதேவி யோகேந்திரா பெண்களுக்காகவே ஒரு யோகா புத்தகம் எழுதியிருந்தார். இப்படிப் பெண்களுக்கு வாசல் திறந்தது. ஆனால் இந்திரா தேவி 1947இல் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் பள்ளி தொடங்கியபோது அங்கே வந்து படித்தவர்களில் சினிமா நடிகைகள் பலர். இன்றைக்குப் பெரிய நகரங்களில் கண்ணாடி வைத்த, ஏசி போட்ட ஹாலில், கட்டணம் கட்டிப் படிக்கிற யோகாவைப் பார்க்கிறோம். ஆக, நம்ம அக்கா சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனால் தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. அதை ஆரம்பித்தவர் ஒரு நெசவாளி.

வேதாத்திரி மகரிஷி 1911 ஆகஸ்ட் 14இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். பெரிய படிப்பு படிக்க வசதி இல்லை. தறியில் உட்கார்ந்து பிழைத்தவர், பிறகு சொந்தமாகத் தறி போட்டுப் பலருக்கு வேலை கொடுத்தார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்களும் குடும்பம் நடத்துகிறவர்களும் செய்யக்கூடிய மாதிரி உடற்பயிற்சியை எளிமையாக்கினார். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி என்று ஆரம்பித்து, உடம்பைத் தளர்த்திப் படுப்பதில் முடியும். தலைகீழாக நிற்க வேண்டாம். இதற்கு 'மனவளக்கலை' என்று பெயர். 2006இல் அவர் காலமானார். ஆனால் மன்றங்கள் நிற்கவில்லை. வாடகைக் கட்டடத்திலும் யாராவது ஒருவர் வீட்டு மாடியிலும்கூட நடக்கின்றன. கற்றுக்கொண்டவரே அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்பதுதான் அதன் பலம். அவர் துணைவியார் லோகாம்பாள் அம்மையாரின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இன்னொருவர் கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டி. 1920இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவிடம் கற்றுக்கொண்டார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பமே யோகா ஆசிரியர்களாக ஆனார்கள். 2018இல் பத்மஸ்ரீ விருது வாங்கினார். 2019இல் 99 வயதில் இறக்கும்வரை யோகாவை விடவில்லை. சேலை கட்டிக்கொண்டு அவர் ஆசனம் போடுகிற படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். "என்ன உடுப்புப் போடணும்?" என்று கூச்சப்படுகிறவர்களுக்கு அந்தப் படம் போதும்.

இந்த வரலாற்றைப் படித்தபோது நம்ம சங்கத்தின் கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. சில வருடத்தில் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் வந்தன. பிறகு மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவின. பேங்க் வாசலையே மிதிக்காதவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்து முன்னுக்கு வந்தோம். பணம் எப்படி நம்ம கைக்கு வந்ததோ, அதே வழியில்தான் யோகாவும் வரும். சின்னக் குழு, குறைந்த காசு, பக்கத்து வீட்டு ஆசிரியர்.

ஆனால் எல்லாரும் வர வேண்டும் என்று சொல்வது சுலபம், நடத்துவது கஷ்டம். நம்ம வகுப்பில் இரண்டு விஷயத்தில் பேச்சு வந்தது.

ஒன்று, மதம். ஒரு லாத்தா நேராகவே கேட்டார்: "மந்திரம் சொல்லச் சொல்லுவீகளா? சொன்னா நாங்க வர ஏலாது." நல்ல கேள்விதான். 2014 டிசம்பர் 11இல் ஐ.நா. சபை ஜூன் 21ஐ யோகா நாளாக அறிவித்தபோது 177 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. அவற்றில் முஸ்லிம் நாடுகளும் பல இருந்தன. அடுத்த வருடம் நம்ம நாட்டில் நடந்த முதல் யோகா நாளின் பொதுப் பயிற்சியில் சூரிய நமஸ்காரத்தைச் சேர்க்கவில்லை. அரசாங்கமே எல்லாரையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நாங்களும் பேசி முடிவு செய்தோம். ஆரம்பத்தில் ஒரு நிமிடம் மௌனம். அவரவர் சாமியை அவரவர் மனசுக்குள் நினைத்துக்கொள்ளலாம். கதவைச் சாத்திவிட்டுப் பெண்கள் மட்டும் செய்கிறோம். இப்போது அந்த லாத்தா மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். மாதா கோயிலுக்குப் போகிற அக்காமாரும் வருகிறார்கள்.

இன்னொன்று, காசு. இலவசம் என்றால் மதிப்பு இருக்காது என்று சிலர் சொன்னார்கள். இருபது ரூபாய் வைத்தாலும் அது ஒரு வேளைக் காய்கறிக் காசு என்று சிலர் சொன்னார்கள். கடைசியில் மூடி போட்ட ஒரு டப்பா வைத்தோம். முடிந்தவர்கள் போடலாம். யார் போட்டார், யார் போடவில்லை என்று நோட்டில் எழுதுவதில்லை. சேமிப்புக்கு நோட்டு கட்டாயம் வேண்டும்; இதற்கு வேண்டாம். பாய் அவரவர் வீட்டுக் கோரைப்பாய்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். யோகா வைத்தியத்துக்குப் பதில் இல்லை. பிரஷர், சுகர் மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் இருப்பவர்கள், மாசமாக இருப்பவர்கள், ஆபரேஷன் செய்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். கபாலபதி மாதிரி வேகமான மூச்சுப்பயிற்சி அவர்களுக்கு வேண்டாம். முட்டி வலிக்கிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே கைப்பயிற்சியும் கண்பயிற்சியும் செய்யலாம். அதுவும் யோகாதான்.

அந்தப் பாசி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கடலில் குனிவது முதலாளிக்கும் வயிற்றுக்கும். இங்கே செய்வது குனிந்த முதுகை நிமிர்த்துவதற்கு. இதை நான் சொல்லி அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சும்மா பார்க்க வந்தவர், கடைசியில் எல்லாரும் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தியபோது தானும் ஓரமாகப் படுத்தார். எழுந்ததும், "வெளிச்சம் இருக்கையில நான் படுத்து எத்தன வருசம் ஆச்சு! யாரும் கூப்பிடல பாத்தியா" என்றார். பாசிக்குப் போகாத நாளில் இப்போது அவர்தான் முதல் ஆளாக வந்து கூட்டிப் பெருக்குகிறார்.

நம்ம வகுப்பு இன்னும் வெளியூரிலிருந்து வரும் ஒரு ஆசிரியையை நம்பித்தான் நடக்கிறது. பஸ் வராத நாளில் வகுப்பும் இல்லை. அவர் மாறிப் போய்விட்டால் என்ன செய்வது? கற்றவர் கற்றுக்கொடுத்த இடத்தில்தான் இந்தக் கலை நிலைத்திருக்கிறது என்று வரலாறு சொல்கிறது. அதனால் கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் இரண்டு பெண்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். புத்தகக் காப்பாளர்களை நாம் அப்படித்தானே உருவாக்கினோம்? யோகா சொல்லிக்கொடுப்பவர்களையும் நம்மால் உருவாக்க முடியும்.

வாழ்க வளமுடன்.