சென்னையின் தோல்வியாண்டு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதை சோலையார்பேட்டையைக் கடந்ததும் மேட்டு நிலம் நோக்கி ஏறுகிறது. தமிழ்நாட்டு எல்லையை நீங்கி, ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தின் கோடியைச் சிறிது தூரம் தொட்டுவிட்டுக் கருநாடகத்துள் நுழைகிறது. அச்சிறு தூரத்திலே, குப்பத்திற்கு அடுத்த நிலையம் குடுபல்லி. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் வட்டாரம் இது. 1997ஆம் ஆண்டில் திராவிடப் பல்கலைக்கழகத்தைக் குப்பத்தில் நிறுவியவர்கள் இடத்தை நன்கு அறிந்தே தேர்ந்திருக்கவேண்டும். சற்று வடக்கே கோலார் தங்கவயல்; சுரங்கத்தில் இறங்கி உழைத்த தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஊர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது, தமிழ் மூடப்படவில்லை.

இவ்வட்டாரத்தில் வாழும் தமிழர் ஒருவர் கால்பந்தாட்டப் பிரியராயின், எந்த அணியைத் தம் அணி என்று கொள்வார்? தொலைவை அளந்தால் பெங்களூரே அண்மை. சென்னை இரு மடங்கிற்கும் மேல். பெங்களூர் அணியோ வெற்றிகள் பல கண்டது. ஆயினும் ஆட்ட நாளன்று சென்னை அணிக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு தொலைக்காட்சி முன் அமர்பவர்கள் இங்கும் உண்டு. புனேயிலும் அகமதாபாத்திலும் தில்லியிலும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த பயன் யாது என்று பார்க்கும்போது, ஒரு கசப்பான வரலாறு எழுகிறது. அதனையே இங்குக் கூறப் புகுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் என்னும் தொழில்முறைப் போட்டித் தொடர் தொடங்கியபோது, சென்னைக் கழகத்திற்குச் ‘சென்னையின் எஃப்.சி.’ என்று பெயரிட்டனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அப்பெயர் அன்றுதொட்டே ஒரு வியப்பு. ‘சென்னையின்’ என்றால், சென்னையின் எது? உடைமைப் பொருளில் கொண்டால், உடைமை எதுவென்று கூறாமலே சொல் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. இலக்கணம் கற்றோர் மற்றொன்றும் அறிவர்: ‘இன்’ ஐந்தாம் வேற்றுமைக்கும் உருபாகும், அப்போது அதன் பொருள்களுள் ஒன்று நீங்கல். சென்னையின் நீங்கினான் என்றால் சென்னையை விட்டுப் புறப்பட்டான் என்பதே. பெயர் வைத்தவர்கள் இதை எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் ஊரை விட்டுப் புறப்பட்ட நமக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது.

ஊர் நீங்கியவர்கள் ஓர் ஆட்டக் கழகத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது புதுமையன்று. கல்கத்தாவில் 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம், கிழக்கு வங்கத்திலிருந்து வந்து அந்நகரில் குடியேறியோரின் கழகம். 1947இன் பிரிவினைக்குப் பின் வீடும் நிலமும் இழந்து வந்த இலட்சக்கணக்கானோருக்கு அதுவே எஞ்சிய ஊராயிற்று. எதிர்நின்ற மோகன் பகானுக்கோ, 1911இல் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேயப் பட்டாளத்து அணியை 2–1 என்று வென்ற பெருமை. இவ்விரு கழகங்களின் ஆட்டத்தில் தோல்வி என்பது வீட்டில் உலை ஏறாத துக்கம். அத்துக்கம் சினமாக மாறிய நாளும் உண்டு. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் ரசிகர்களுக்குள் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர். பந்தாட்டத்திற்காக உயிர் போவதா என்று கேட்பவர்களுக்கு விடை கூற என்னால் இயலாது.

சென்னை ரசிகரின் இயல்பு வேறு. அவர் கல்லெறிவதில்லை, வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அவருடைய கோபத்தை அளக்க வேண்டுமாயின் வெற்று இருக்கைகளைத்தான் எண்ண வேண்டும். தமிழ்நாட்டுக்குக் கால்பந்துத் தோல்வி பழகாததன்று. தஞ்சையைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பெரு நாட்டிற்கு எதிராக ஒரு கோல் அடித்தார்; ஆட்டத்தில் இந்தியா 3–1 எனத் தோற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் அதுவே. 2012இல் சந்தோஷ் கோப்பையின் இறுதியாட்டம் வரை ஏறிய தமிழ்நாடு, படையினர் அணியிடம் 3–2 எனத் தோற்றுத் திரும்பிற்று.

ஆதலால் சென்னையின் அணி தொடக்கத்தில் அளித்த மகிழ்ச்சி பெரிது. 2014இல் எட்டு அணிகளுள் முதலிடம்; பிரேசில் வீரர் எலானோ எட்டுக் கோல் அடித்து முன்னின்றார். அரையிறுதியில் கொச்சியில் கேரளத்திடம் 3–0 எனத் தோற்ற அணி, சென்னை ஆட்டத்தில் அதே மூன்று கோலைத் திருப்பியடித்தது. கூடுதல் நேரத்தின் இறுதியில், இன்னும் சில நிமிடங்களே இருக்கையில், கேரளத்தின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்து யாவற்றையும் முடித்துவிட்டார். மறு ஆண்டு அணி பருவத்தின் நடுவே பட்டியலின் அடியில் கிடந்தது, பின்பு எழுந்தது. டிசம்பர் மாதத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியமையால், அரையிறுதியின் ‘சொந்த ஊர்’ ஆட்டத்தைப் புனேயில் ஆட நேர்ந்தது. கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்கள் வரை 2–1 எனப் பின்தங்கியிருந்து, எதிரணிக் காவலர் கையாலேயே ஒரு கோல் பெற்று, மெண்டோசாவின் காலால் மற்றொன்றும் அடித்து 3–2 என வென்றது. வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நகருக்கு வந்த கோப்பை அது.

2018 மார்ச் 17 அன்று இரண்டாம் முறையாகக் கோப்பை கிட்டிற்று. இம்முறை பெங்களூரில், பெங்களூர் அணியையே எதிர்த்து. முதற்கோலைச் சுனில் சேத்ரி அடித்தார். மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டும், ரஃபேல் அகஸ்டோ ஒன்றுமாக அடிக்க, முடிவு 3–2. இருப்புப்பாதையின் இரு முனைகளிலும் உள்ள நகரங்கள் மோதிய ஆட்டம். நடுவில் வாழ்வோருக்கு அன்றிரவு உறக்கம் வந்திராது.

இனித்தான் தோல்வியாண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று புதிய பருவத்தின் முதலாட்டம். அதே பெங்களூர், அதே எதிரணி. 1–0 எனத் தோல்வி. ஒரு தோல்விதானே என்றிருந்தனர் ரசிகர். அடுத்து சென்னையில் கோவாவிடம் 3–1. அதன்பின் வடகிழக்கு ஐக்கிய அணியுடன் ஆடி, மூன்று கோல் போட்டும் நான்கு வாங்கித் தோற்றது. நான்கில் மூன்று நைஜீரியர் ஓக்பெச்சே ஒருவர் அடித்தவை. முதல் வெற்றி கிட்டியது நவம்பர் 6ஆம் நாள், அதுவும் புனேயில், 4–2. புனேயில் குடியேறிய தமிழர் சிலர் அதை நேரில் கண்டிருக்கலாம். சென்னையில் இருந்தவர்களோ, தங்கள் அரங்கில் ஒரு வெற்றியைக் காண அடுத்த பிப்ரவரி வரை காத்திருந்தனர்.

முந்தைய ஆண்டின் தலைவர் செரெனோ விலகிவிட்டார். வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்து அணியின் நடுக்களத்தைத் தாங்கிய தன்பால் கணேஷ் முழங்காற் காயத்தால் வெளியே அமர்ந்திருந்தார். முன்வரிசை வீரர் ஜெஜெ லால்பெக்லுவாவுக்கோ வாரம் தோறும் பந்து வலைக்குப் புறத்தே சென்றது. பயிற்சியாளர் கிரெகரியும் ஆட்டக்காரர் பலரும் அதே பேர்தாம். கோப்பையைத் தூக்கிய அதே கால்கள்தாம். ரசிகரை வாட்டியது இதுவே. எளிய அணி தோற்றால் மனம் ஆறும். ஆறு மாதத்திற்கு முன் நாட்டிலேயே சிறந்து விளங்கிய அணி தோற்கும்போது, நம் கண்ணையே நாம் ஐயுறத் தொடங்குகிறோம். பதினெட்டு ஆட்டங்கள், இரண்டு வெற்றி, மூன்று சமன், பதின்மூன்று தோல்வி, ஒன்பது புள்ளிகள், பத்து அணிகளுள் பத்தாமிடம். முந்தைய ஆண்டு கோப்பை வென்ற அணி கடைசியாக முடிந்தது.

அந்த இரண்டாம் வெற்றியையும் கூறாமல் விடலாகாது. 2019 பிப்ரவரி 9 அன்று பெங்களூர் அணி சென்னைக்கு வந்தது. அப்பருவத்தின் கோப்பையை வெல்லவிருந்த அணி அது. ஜெஜெ ஒரு கோலும் நெல்சன் ஒரு கோலும் அடிக்க, 2–1 எனக் கடைசி அணி வென்றது. நேரு விளையாட்டரங்கின் ‘பி’ பகுதியில் ஆண்டு முழுவதும் நீலச் சட்டையுடன் நின்று பாடிய குழுவினருக்கு அன்று ஒரு மாலை கிடைத்தது. பட்டியலில் அதனால் எதுவும் மாறவில்லை.

இதே பருவத்தில் நிகழ்ந்த மற்றொரு செய்தி, கேட்போர்க்குக் கதைபோலத் தோன்றும். ஐ-லீக் என்னும் வேறொரு தேசியத் தொடரில் ஆடிய ‘சென்னை சிட்டி’ கழகம், கோயமுத்தூரைத் தன் ஆடுகளமாகக் கொண்டிருந்தது. பெயரோ சென்னை, ஊரோ கோவை, பயிற்சியாளர் அக்பர் நவாசோ சிங்கப்பூரர். தமிழ்நாட்டு இளைஞரும் ஸ்பெயின் நாட்டு ஆட்டக்காரரும் கலந்த அவ்வணி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்னர் 3–1 என வென்று கோப்பையைக் கைப்பற்றிற்று. அதே மாலையில் கோழிக்கோட்டில் வென்றும், 43க்கு 42 என ஒரே புள்ளியில் கோப்பையை இழந்தது ஈஸ்ட் பெங்கால். 2004க்குப் பின் தேசியத் தொடர்க் கோப்பையைக் காணாத அக்கழகத்தாரின் துயரைக் கோவைக்காரர் அன்று நினைத்திருக்கமாட்டார்.

ஆக, ஒரே பருவத்தில் சென்னையின் பெயர் தாங்கிய ஓர் அணி முதலிடம், மற்றோர் அணி கடைசி. பின் நிகழ்ந்தது என்ன? வென்ற கழகம் 2021க்குப் பின் அத்தொடரிலிருந்தே மறைந்தது. கடைசியாக வந்த கழகம் நிலைத்தது. இங்கிலாந்தில் கடைசி மூன்றிடம் பெற்ற அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். ஆகவே அங்கே தோல்விக்கு ஒரு விலை உண்டு, அதைத் தடுக்க ஒரு போராட்டமும் உண்டு. இந்தியன் சூப்பர் லீகில் அப்போது அவ்வழக்கம் இருக்கவில்லை. கட்டணம் செலுத்தியோருக்கு இடம் உறுதியாக இருந்தது. 2019இன் சென்னையின் அணி கடைசியில் வந்தும் எதையும் இழக்கவில்லை. இழந்தவர் சீட்டு வாங்கியவர் மட்டுமே. இவ்வேற்பாடு கழகத்தைக் காத்தது உண்மை. ரசிகரின் மனக்குறை சென்று சேர ஓரிடத்தையும் விட்டுவைக்கவில்லை என்பதும் உண்மையே. உரிமையாளருள் திரைப்படத் துறையினரும் கிரிக்கெட் வீரரும் உளர். அவர்களைக் குறை கூறுவது என் கருத்தன்று. ஆனால் ‘சென்னையின்’ என்று பெயரிட்டபின், அந்தப் பெயருக்குரிய ஊரார்க்கு அதில் என்ன பங்கு என்ற வினாவைத் தவிர்க்க முடியாது. வெற்றி நாள்களில் அவ்வினாவை யாரும் எழுப்புவதில்லை.

தோல்வியாண்டு முடிந்தும் அணி ஊர் சுற்றிற்று. ஆசியக் கழகங்களுக்கான கோப்பைக்கு 2019இல் ஆடியபோது, அதன் சொந்த ஊர் ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்தன. மணிநகரில் தலைமுறைகளாக வாழும் தமிழர்க்கு, ஊர் தம்மைத் தேடி வந்தது போலத் தோன்றியிருக்கும். சூப்பர் கோப்பையின் இறுதி வரை புவனேசுவரத்தில் ஏறிக் கோவாவிடம் 2–1 எனத் தோற்றது. அடுத்த பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. நவம்பர் இறுதியில் கிரெகரி விலக, ஸ்காட்லாந்தியர் ஓவன் கோய்ல் பொறுப்பேற்றார். லித்துவேனியர் வல்ஸ்கிஸ் பதினைந்து கோல் அடித்தார். அணி இறுதியாட்டத்தை அடைந்தது. அந்த 2020 மார்ச் 14ஆம் நாள் ஆட்டம், கொள்ளைநோயின் அச்சத்தால் பூட்டிய அரங்கில், பார்வையாளர் ஒருவருமின்றி நடந்தது. ஏ.டி.கே. அணி 3–1 என வென்றது. அத்தனை இன்னலையும் தாங்கி வந்த ரசிகர்க்கு, தோல்வியை நேரில் காணும் வாய்ப்பும் இல்லாமற் போயிற்று. அடுத்த இரு பருவங்களும் முழுவதுமாகக் கோவாவிலேயே ஆடப்பட்டன.

பின் வந்த ஆண்டுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. மூன்று பருவங்கள் தொடர்ந்து எட்டாமிடம், 2023–24இல் ஆறாமிடம், 2024–25இல் பதின்மூன்றுள் பதினொன்று. இடையே ஒரு நல்ல செய்தி கல்கத்தாவிலிருந்து வந்தது. மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றுத் தலைகுனிந்திருந்த ஈஸ்ட் பெங்கால், 2023 ஆகஸ்டு 12 அன்று தூரண்டு கோப்பையில் 1–0 என வென்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் வியாசர்பாடிப் பிள்ளை நந்தகுமார் சேகர். முன்பு சென்னை சிட்டி கழகத்திலும் ஆடியவர். நான்கரை ஆண்டுத் துயரை நீக்கிய அத்தமிழ் இளைஞரை வங்காளியர் எவ்வாறு கொண்டாடினர் என்பதை, அந்நகரில் வாழும் நேயர்கள் என்னைவிட நன்கு அறிவர்.

2025 ஜூலையில், தொடரை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையால் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பர் சென்றது, அக்டோபர் சென்றது, பந்து உருளவில்லை. நேரு விளையாட்டரங்கில் அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களில் லீக் ஆட்டம் எதுவும் இல்லை. வாரந்தோறும் அணியை வைதுகொண்டிருந்தவர்கள், வைவதற்கு ஓர் ஆட்டமும் இன்றி மாலைகளைக் கழித்தனர். 2026 பிப்ரவரி 14 அன்று சுருக்கப்பட்ட தொடர் தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத்துறை அமைச்சர் அறிவித்தது அவ்வாண்டு ஜனவரி மாதத்தில்தான்.