உள்ளூர்த் தேடல் தரவரிசைக் கண்காணிப்பு

"பல் டாக்டர்", "பக்கத்தில் பஞ்சர் கடை" என்று ஒருவர் கூகுளில் தேடும்போது, ஒரு குறிப்பிட்ட நிறுவனம் எத்தனையாவது இடத்தில் தெரிகிறது என்பதைத் தொடர்ந்து அளந்துவரும் பணி. இத்தகைய தேடலுக்குக் கூகுள் வரைபடத்தோடு சில கடைகளை மேலே காட்டும். முன்பு ஏழு தெரிந்தன. 2015 ஆகஸ்டில் அது மூன்றாகச் சுருங்கியது. நான்காம் இடத்துக்குப் போன சிறு வணிகருக்கு அது சாதாரண இழப்பல்ல.

வரிசையைத் தீர்மானிப்பவை பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றும் என்று கூகுளே சொல்கிறது. அளவீட்டைக் கடினமாக்குவது தொலைவுதான். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடி தம் கைபேசியில் தேடினால் தம் கடை முதலில் வரலாம். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பேருந்து நிலையத்தில் நிற்பவர் கண்ணில் அது படாமலே போகலாம். ஆகவே ஒற்றை எண்ணை நம்பக்கூடாது. கடையைச் சுற்றி வரைபடத்தில் கட்டம் போட்டு, நெடுக்கில் ஏழு, குறுக்கில் ஏழு என 49 புள்ளிகளிலிருந்து தேடியதுபோல் சோதிப்பதே நம்பகமான வழி. ஒவ்வொரு புள்ளியிலும் கிடைத்த இடம் எண்ணாக விழும்; முன்னிடங்களுக்குப் பச்சை, பின்னிடங்களுக்குச் சிவப்பு என நிறம் தருவது வழக்கம். பச்சை எந்தத் தெருவோடு நிற்கிறது என்பது அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.

கூகுள் பிசினஸ் புரொஃபைல் (2021 வரை கூகுள் மை பிசினஸ்) உரிமையாளருக்கு இலவசமாகத் தரும் அறிக்கையில் இந்த வரிசை எண் இராது. எந்தச் சொல்லால் தேடினார்கள், எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை முறை வழி கேட்கப்பட்டது என்பவை இருக்கும். கட்டச் சோதனையின் முடிவையும் இந்த அறிக்கையையும் அருகருகே வைத்துத்தான் படிக்க வேண்டும்.