காணி காட்டும் குடிவழி

ஒரு குடியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் நாடுவது பெயரையே. மேனாட்டாருட் பலர்க்குத் தந்தை வழியாக வரும் குடும்பப் பெயர் ஒன்றுண்டு; அதனைப் பற்றிக்கொண்டு தேவாலயப் பதிவேடுகளிற் பல தலைமுறை பின்னோக்கிச் செல்ல அவர்க்கு இயலும். யாழ்ப்பாணத் தமிழர்க்கு அத்தகைய வழக்கு இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகின்றது. பேரன் காலத்தில் அம்முதலெழுத்தும் மாறிவிடுகின்றது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதால் ஓரூரில் ஒரே பெயருடையார் பலர் தோன்றுவர். ஆதலின் பெயரை மட்டும் நம்பிச் செல்வோர் இரண்டு மூன்று தலைமுறைக்குள் வழிதவறுவர். அவர்க்குப் பற்றுக்கோடாவது யாது? காணியே என்பது இக்கட்டுரையின் துணிபு.

அந்நியர் ஆட்சி பெயர்க் குழப்பத்தை மேலும் பெருக்கிற்று. யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயர் வசமாயது. 1658இல் ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. ஒல்லாந்தர் காலத்தில் அரச பதவியை விரும்பினோர் திருமுழுக்குப் பெறவேண்டியிருந்தது. அதனால் ஏட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வாழ்ந்தோர் பலர். 1707இல் கிளாஸ் ஐசாக்சு என்பார் தொகுத்து முடித்த தேசவழமையைப் பன்னிரு தமிழ் முதலியார்கள் பார்வையிட்டு உடன்பட்டனர்; அவர்களுள்ளும் ‘டொன்’ என்னும் போர்த்துக்கேய அடைமொழி தாங்கியோர் இருந்தனர். பின்னர் 1816இல் வந்த அமெரிக்க மிஷனாரின் பாடசாலைகளிற் பயின்றோர்க்கு அமெரிக்கப் பெயர்கள் இடப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளையும், 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் இவ்வாறு இருபெயர் பூண்ட அறிஞராவர்.

பெயரைப் போலவே எல்லையும் மாறிற்று. ஒல்லாந்தர் குடாநாட்டை வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என நான்கு பிரிவாகக் கொண்டு, அவற்றைக் கோயிற்பற்றுகளாக வகுத்தனர். தெல்லிப்பழை, மல்லாகம், உடுவில், வட்டுக்கோட்டை, சாவகச்சேரி, கட்டைவேலி முதலியன அவ்வாறு கோயிற்பற்றுகளாயின. ஈண்டுக் ‘கோயில்’ என்பது ஒல்லாந்தரின் தேவாலயத்தைக் குறித்தது. அவர் ஆட்சி அகன்ற பின்னும் காணி உறுதிகளில் அச்சொல் நிலைத்துவிட்டது. 1833இல் ஆங்கிலேயர் வட மாகாணத்தை அமைத்தபோது இன்றைய அநுராதபுரப் பகுதியும் அதனுள் அடங்கியது. 1873இலேதான் வடமத்திய மாகாணம் தனியே பிரிந்தது. ஆகவே 1860ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தில் எழுதுவினைஞராயிருந்த யாழ்ப்பாணத்தார் ஒருவரைத் தேடுவோர் வட மாகாணக் கச்சேரி ஆவணங்களையே முதலில் நாடவேண்டும். அங்ஙனமே, முன்பு யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பச்சிலைப்பள்ளி, 1984இல் அமைந்த கிளிநொச்சி மாவட்டத்துள் இன்று அடங்குகின்றது. ஊர் பெயரவில்லை, ஊரின் மேலெழுதிய தலைப்பே பெயர்ந்தது.

பெயரும் எல்லையும் மாறியபோது மாறாது நின்றது காணிப் பெயர். குடாநாட்டில் ஒவ்வொரு வளவுக்கும் தோட்டத்துக்கும் வயலுக்கும் தனிப்பெயருண்டு. ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகளில் அப்பெயர்கள் உடையவர் பெயரோடு பதியப்பெற்றன. தோம்பு என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். லிஸ்பன் நகரத்து அரச ஆவணக் களரியின் பெயரிலும் அச்சொல் இன்றும் விளங்குகின்றது. நிலத்தோம்பு காணியையும், தலைத்தோம்பு குடிகளையும், பாடசாலைத் தோம்பு திருமுழுக்கு, திருமணம் முதலியவற்றையும் கூறும். ஆங்கிலேயர் காலத்தில், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால், காணிக் கைமாற்றங்கள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டியவையாயின. உறுதியின் அட்டவணையில் காணியின் பெயரும் பரப்பும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் கூறி, நாற்றிசை எல்லைக்குரியாரையும் எழுதுதல் மரபு. ஓருறுதியின் கிழக்கெல்லையில் நிற்பவர் பெரும்பாலும் உறவினரே. ஏனெனில் அவ்விரு காணிகளும் ஒரு காலத்தில் ஒரே வளவாயிருந்து பங்கிடப்பட்டிருக்கும். எனவே அயற்காணிகளின் உறுதிகளையும் சேர்த்து வாசிப்போர்க்கு ஒரு குடியின் கிளைகள் தாமே புலப்படும்.

இம்முறையின் தனிப்பயன் ஒன்றுண்டு. பெயர்வழித் தேடல் தந்தையரையே காட்டும். காணிவழித் தேடல் தாயரையும் காட்டும். பழைய தேசவழமைப்படி தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் உரியன. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயரும் அவ்வழமையை ஏற்றனர். பிற்காலச் சட்டங்கள், சிறப்பாக 1911ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை முறையைத் திருத்தினும் சீதன உறுதி எழுதும் வழக்கம் தொடர்ந்தது. பூட்டி தன் மகளுக்கும், அம்மகள் தன் மகளுக்கும் ஒரே வளவை எழுதிக்கொடுத்த உறுதிகளைக் கோத்துப் பார்ப்பின், எந்த வமிசாவளியிலும் இடம்பெறாத பெண்களின் பெயர்கள் தொடராக வெளிப்படும்.

ஆயினும் இவ்வழி எல்லார்க்கும் திறந்ததன்று. காணியே இல்லாதிருந்தார்க்கு உறுதி ஏது? 1818ஆம் ஆண்டுப் பிரமாணத்தின்படி அடிமைகளைப் பதிவு செய்யும் ஏடுகள் யாழ்ப்பாணத்திலும் எழுதப்பட்டன. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதர் மனிதரின் உடைமையாகவே எண்ணப்பட்டனர். அவ்வேடுகளில் அவர்தம் பெயர் உடையவர் பெயரின் கீழேயே காணப்படும். தன் குடியின் பெருமையைத் தேடிச் செல்பவர் ஆங்கே தன் முன்னோரை உடைமையாளராகவும் காணநேரலாம். பிறிதொருவர் தன் முன்னோரை முதன்முறையாகக் காண்பதும் அவ்வேட்டிலேயே ஆகலாம். குடிவழி ஆராய்ச்சி புகழ்மாலை தொடுக்கும் தொழிலன்று. கண்டதைக் கண்டவாறு கூறுதலே அதன் அறம்.

இவ்வாவணங்கள் ஓரிடத்தில் இல்லை. ஒல்லாந்தர் ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. யுரியான்சே அம்மையார் தொகுத்த அவற்றின் விவரப்பட்டியல் 1943இல் வெளிவந்தது. கும்பனியாரின் கடிதங்கள் ஹேக் நகரிலும், அமெரிக்க மிஷன் தாள்கள் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. தூரத்திலுள்ளவை காப்பாற்றப்பட, அண்மையிலுள்ளவை அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுச்சுவடிகள் பல சாம்பராயின. 1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பல்லாண்டு கழித்து மீண்டபோது வேலியும் ஒழுங்கையும் அழிந்த வெளியைக் கண்டனர். அங்கே தம் வளவு எதுவென நிறுவ அவர்க்குத் துணைநின்றவை உறுதியும் நில அளவைப் படமும் முதியோரின் நினைவுமே.

ஆதலின் நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய உறுதிகளைப் பயனற்ற தாளென்று எறியாது, படியெடுத்து, காணிப் பெயர், கோயிற்பற்று, எல்லைக்குரியார், எழுதிய ஆண்டு ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். காணிப் பெயர் அறிந்த முதியோர் இருக்கும்போதே அவற்றின் இடங்களைக் கேட்டறியுங்கள். தோம்பைப் பின்னரும் கொழும்பிற் காணலாம். அப்பெயர் எந்த வளவைக் குறிக்கின்றது என்பதை அவர்களிடமன்றிப் பிறரிடம் கேட்டறிதல் அரிது.